டொக்டர் தேவசகாயம்: கேட்டதும் கேளாமல் எடுத்ததும்

டொக்டர் தேவசகாயம் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் என் அண்ணையின் மனைவி, என் மச்சாள். வல்வெட்டித்துறையில் அயல்வீட்டு வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய பெயர் காதில் விழுந்ததாம். சமைத்ததை மூடி வைத்துவிட்டு, பஸ் மாறி மானிப்பாய்க்கு வந்து, என் வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தங்கேசு, உன்ரை டொக்டர் மோசம் போட்டாராம்.”

எனக்கு அழுகை வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். “நல்ல மனிசன்” என்றாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நல்ல மனிசன் எண்டபடியால்தானே நம்பினனாங்கள்” என்றாள்.

இந்த நினைவு மலருக்கு எழுதும்படி டொக்டரின் மகள் கேட்டபோது, நான் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது பிள்ளை என்றுதான் சொன்னேன். “அப்பாவைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கினம் ரீச்சர். நீங்கள் நடந்ததை எழுதுங்கோ” என்றாள். ஆகவே அவரை அறிந்தவர்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

என் அண்ணை வேலும்மயில் கப்பல் தொழில் செய்தவர். பாய்க்கப்பலில் தண்டயலாக, அதாவது கப்பலை நடத்துகிறவராக, அக்கரையான இந்தியாவுக்கும் இக்கரைக்கும் போய்வந்தார். அதிகம் கதைக்கமாட்டார். ஊரில் இரண்டு வீட்டுக்காரர் பிணக்குப்பட்டால் நடுவில் இருத்துவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பயணத்தில், காற்று மாறியபோது பாயைத் தாங்கும் குறுக்குமரம் சுழன்று வந்து அவருடைய நெற்றியில் அடித்தது. வலது கண்ணுக்கு மேலே எலும்பு உடைந்து உள்ளே போய்விட்டது. அக்கரை ஆஸ்பத்திரியில் வெட்டி, எலும்புச் சில்லுகளை எடுத்து, காயத்தைத் தைத்து அனுப்பினார்கள். கை கால் சரியாக இருந்தன. பேச்சு இருந்தது. பழைய கடல் வழிகள் அத்தனையும் ஞாபகத்தில் இருந்தன. ஆள் பிழைத்துவிட்டார் என்று கோயிலில் பொங்கினோம்.

அந்த மாதமே ஒரு செத்த வீட்டில், கிடத்தியிருந்த கிழவரின் மூக்கைக் காட்டி அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். பிணக்குக்காரர் அவரை நம்பிச் சொன்ன கதைகளைச் சந்தியில் நின்று சொன்னார். பிறர் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டார். மச்சாளைப் பெற்றவர்கள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆயத்தமானார்கள். குடித்துப் பழகிவிட்டான் என்றார்கள் சிலர். செய்வினை என்றார்கள் சிலர்.

அப்போது நான் மானிப்பாயில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதே ஊரில், கொழும்பில் மூளை நரம்பு வைத்தியராக இருந்த ஒருவர், ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு அங்கே இருக்க மனமில்லாமல் திரும்பி வந்து, தன் வீட்டின் முன்னறைகளில் நோயாளரைப் பார்க்கிறார் என்று அறிந்து அண்ணையையும் மச்சாளையும் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

நாடி பார்க்கும் முன் டொக்டர் செய்தது அண்ணையோடு கதைத்ததுதான்.

“வேலும்மயில், செத்த வீட்டிலை சிரிக்கலாமோ?”

“கூடாது.”

“ஏன் கூடாது?”

“அந்தச் சனத்துக்கு மனம் நோகுமெல்லோ.”

“அப்ப ஏன் சிரிச்சனீங்கள்?”

அண்ணை யோசித்தார். “அவரின்ரை மூக்கு அப்பிடி” என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. மச்சாளின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, கேளுங்கோ. உவர் வேணுமெண்டு செய்யேல்லை. தெரிஞ்சிருக்கிறதுக்கு மூளையிலை ஒரு இடம். தெரிஞ்சபடி நிப்பாட்டுறதுக்கு வேறை இடம். உவருக்கு அந்த இரண்டாவதுதான் உடைஞ்சுபோச்சு. கால் முறிஞ்சவனை ஏன் நடக்கிறாயில்லை எண்டு கேப்பியளோ?”

மச்சாள் தாய் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணை சாகும்வரை அவரோடு இருந்தாள். அந்த ஒரு பேச்சினால் ஒரு குடும்பம் நின்றது. அதை மறைத்து எழுதினால் நானும் பொய்க்காரியாவேன்.

நெற்றி எலும்புக்கு நேரே பின்னால் இருக்கும் அந்தப் பகுதிதான் டொக்டரின் வாழ்நாள் வேலை. அதில் அடிபட்டால் கை கால் விழாது, கண் மங்காது. ஆகவே அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்று முன்னைய வைத்தியர் பலர் நினைத்திருந்தார்களாம். “ஆள் முழுசாத்தான் இருக்கிறார், ஆனால் பழைய ஆள் இல்லை எண்டு பெண்சாதிமார் வந்து அழுவினம். அந்த முறைப்பாட்டை ஒரு டொக்டரும் காதிலை போடுறேல்லை” என்பார் அவர். அந்தப் பகுதிக்குள் எந்த இடம் என்ன செய்கிறது என்று ஒரு வரைபடம் போட விரும்பினார். எங்கள் ஊர்களில் அதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. பனையால் விழுந்தவர்கள், பஸ்ஸில் மோதுண்டவர்கள், கிணற்றுத் துலாவில் அடிபட்டவர்கள் என்று வந்தார்கள்.

பாடசாலை முடிந்ததும் நான் அங்கே போகத் தொடங்கினேன். இங்கிலாந்திலிருந்து அவர் கொண்டுவந்த கேள்விகள் எங்கள் சனத்துக்குப் பொருந்தவில்லை. படம் பார்க்கும்போது கொட்டகையில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வீர் என்று ஒரு கேள்வி. வந்தவர்களில் பாதிப்பேர் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. அயல்வீட்டுக் கிடுகு வேலி பற்றி எரிந்தால் என்ன செய்வீர் என்று நான் அதை மாற்றினேன். அண்ணையிடம் கேட்டபோது, “சுருட்டுப் பத்த வைப்பன்” என்றார். பிறகு வாளி, கிணறு, அயலவரைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். டொக்டர் அன்றைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணையும் சிரித்தார். அந்த அறையில் அண்ணை சிரித்தால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

உரும்பிராயிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். தண்ணீர் இறைக்கும் துலாவின் கயிறு அறுந்து, மரம் அவருடைய நெற்றியின் நடு உச்சியில் அடித்திருந்தது. வெங்காயத்துக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, எப்படிப் பாத்தி பிடிப்பது என்று கேட்டால் பிழையில்லாமல் சொல்வார். ஆனால் பயிர் கண்ணுக்கு முன்னால் காய்ந்தாலும் இருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டார். சோம்பேறி, பஞ்சி பிடித்தவன் என்று மனைவி ஏசினாள். “பஞ்சி இல்லை. தொடங்கிவைக்கிற இடம் போட்டுது. காலமை நீங்கள் கையைப் பிடிச்சுத் தோட்டத்திலை விடுங்கோ, மிச்சத்தை அவர் செய்வார்” என்றார் டொக்டர். அப்படியே நடந்தது.

பஸ் கொண்டக்டர் ஒருவருக்கு நெற்றியின் பக்கவாட்டில் அடி. மீன், பனை, ஓடம் என்று மூன்று நிறங்களில் நான் மட்டையில் கீறிய படங்களை அவரிடம் கொடுப்போம். நிறப்படி அடுக்கச் சொன்னால் அடுக்குவார். இனி உருவப்படி அடுக்குங்கோ என்றால் மறுபடியும் நிறப்படிதான் அடுக்குவார். “நீங்கள் சொன்னது விளங்குது ஐயா, கைதான் பழைய வழியிலை போகுது” என்று அவரே வருத்தப்படுவார். அவர் சொல்லி முடிக்கும்வரை டொக்டர் காத்திருப்பார். நான் இடையில் உதவப் போனால் கையைக் காட்டித் தடுப்பார். “கேட்டாப் பிறகு பொறுக்க வேணும் ரீச்சர். நாங்கள் அவசரப்பட்டால் எங்கடை பதில்தான் வரும்.”

சுவரில் ஒரு பெரிய தாளில் தலையின் உருவம் கீறியிருந்தது. தொடங்கும் இடம் நடுவில், மாற்றும் இடம் பக்கத்தில், நிறுத்தும் இடம் கண்குழிக்கு மேலே அடியில் என்று வண்ணப் பென்சிலால் மெல்லிதாகத் தீட்டியிருந்தார். நான் ஒருமுறை ஓரத்தை அழுத்திக் கீறப் பார்த்தேன். “வேலி போடாதையுங்கோ ரீச்சர். மூளை போட்ட வேலி இல்லை அது, நாங்கள் போடுறது” என்றார்.

அந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது. உடைந்த எலும்பு எங்கே என்று எக்ஸ்ரே காட்டும். உள்ளே எவ்வளவு தூரம் பழுதாகியிருக்கிறது என்பதை அது காட்டாது. ஆள் இறந்த பிறகு தலையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சில வருடங்களில் அண்ணைக்கு வலிப்பு வரத் தொடங்கியது. மருந்து கொடுத்தும் கூடியது. ஒரு பின்னேரம் டொக்டர் என்னை இருத்தி, “ரீச்சர், கேக்கக்கூடாததைக் கேக்கிறன்” என்று தொடங்கி, அண்ணைக்குப் பிறகு அந்த மூளையைத் தரமுடியுமா என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் வரவில்லை. அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவேண்டியவள் மச்சாள் என்றேன்.

வல்வெட்டித்துறைக்குப் போய் அவளிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள். “உயிரோடை இருக்கிறவரை எத்தினை தரம் எண்டாலும் கூட்டிக்கொண்டு போ. நான் ஒண்டும் சொல்லேல்லை. செத்தாப் பிறகு அவரை எனக்கு விடு. முழுசா விடு.”

அதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “சரி. இனி அந்தக் கதை இல்லை. உது என்ரை வாக்கு எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ” என்றார். நான் போய்ச் சொன்னேன். அவருடைய வாக்கை என் வாயால் சொன்னேன்.

அண்ணை ஒரு ஆஸ்பத்திரியில் வலிப்போடு இறந்தார். டொக்டர்தான் கடைசிவரை பக்கத்தில் இருந்தார். உடலைத் தன் காரிலேயே வல்வெட்டித்துறைக்குக் கொண்டுவந்தார். தலை முழுவதும் வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தது. “விழுந்ததிலை காயம். துணியை அவிழ்க்காதையுங்கோ, பாக்க ஏலாது” என்றார். ஒருவரும் அவிழ்க்கவில்லை. அவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். பந்தலில் அவருக்கு முன்வரிசையில் கதிரை போட்டோம். உடலை எடுக்கும் முன் மச்சாள் வந்து, இவ்வளவு காலமும் பார்த்தீர்களே என்று அவருடைய காலில் விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து அவளைத் தூக்கி, “அழாதையுங்கோ தங்கச்சி” என்றார்.

அதன் பிறகும் பல வருடங்கள் நான் அவரோடு வேலை செய்தேன்.

எழுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் அவர் தமிழிலே ஒரு சொற்பொழிவு செய்தார். நெற்றிக்குப் பின்னாலுள்ள அந்த மூளைப் பகுதிக்கு முன்நுதல் புறணி என்ற சொல்லை நாங்கள் இருவரும் பேசிப் பேசித்தான் தேர்ந்திருந்தோம். வைத்தியர்களும் ஆசிரியர்களும் நிறைந்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. விளக்கை அணைத்துத் திரையில் படங்கள் காட்டினார். சுவரில் இருந்த எங்கள் வரைபடம் வந்தது. அடுத்து, நான் முன்பு பார்த்திராத ஒரு படம் வந்தது. ஒரு மூளை, கீழ்ப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருந்தது. வலது கண்ணுக்கு மேலே வரும் இடத்தில் ஒரு குழி. உள்நோக்கிச் சரிந்து, ஒரு பக்கம் கூராகப் போகும் குழி.

அந்த உருவத்தை எனக்குத் தெரியும். எக்ஸ்ரேயில் பார்த்து, அளந்து, தாளில் கீறியவள் நான். அந்த இடத்தில் அப்படி அடிபட்டவர் எங்களிடம் வேறு ஒருவரும் இருக்கவில்லை.

“இது கடற்றொழில் செய்த ஒருவருடைய மூளை” என்றார் டொக்டர். “செய்யக்கூடாது என்று அறிந்தும் தன்னை நிறுத்த இயலாதிருந்தவர். அந்த இடம் எது என்பதை நாம் இங்கே கண்ணால் காண்கிறோம்.” சபை கை தட்டியது.

முடிந்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்து நின்று தேநீர் குடித்தார்கள். ஆட்கள் குறையும்வரை நான் காத்திருந்தேன்.

“அது ஆரின்ரை?” என்றேன்.

“ரீச்சர், வீட்டை போய்க் கதைப்பம்.”

“இப்ப சொல்லுங்கோ.”

“வேலும்மயிலின்ரை.”

“மாட்டம் எண்டு சொன்னனாங்கள்.”

“ஓம்.”

“வாக்குத் தந்தனீங்கள்.”

“ஓம். ரீச்சர், இன்னொரு தரம் கேட்டிருந்தாலும் நீங்கள் மாட்டம் எண்டுதான் சொல்லியிருப்பியள். எரிஞ்சிருந்தால் எல்லாம் போயிருக்கும். இந்த ஒண்டை வைச்சுத்தான் மிச்சம் எல்லாம் சரியெண்டு தெரிஞ்சது. எத்தினை பேருக்கு உதவும் எண்டு யோசியுங்கோ.”

“செய்யக்கூடாது எண்டு தெரியுமோ உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் செய்தனீங்கள். என்ரை அண்ணைக்கு அந்த இடம் உடைஞ்சிருந்தது, டொக்டர். உங்களுக்கு என்ன?”

என் கேள்விக்கு நான் பொறுத்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் மச்சாளிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பயந்தேன். அவள் சேலையை மாற்றிக்கொண்டு, மகன் குகனையும் கூட்டிக்கொண்டு என்னோடு மானிப்பாய்க்கு வந்தாள். முன்னறையில் நோயாளர் இருந்தார்கள். அவர்களைக் கடந்து போய் டொக்டருக்கு முன்னால் நின்றாள்.

“எங்கை வைச்சிருக்கிறியள்?”

அவர் எழுந்து பின்னறைக்குக் கூட்டிப்போனார். அலுமாரியில் ஒரு கண்ணாடிப் போத்தல். அந்த அறைக்குள் நான் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன். அந்த அலுமாரிக்கு மேலேதான் என் குடையை வைப்பேன்.

“முழுசா இருக்கோ?” என்றாள் மச்சாள்.

“இல்லைத் தங்கச்சி. கொஞ்சத்தை மெல்லிசா வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினது. அது திரும்பி வராது.”

“எனக்குச் சொல்லாமல் அவரைக் கடல் கடந்தும் அனுப்பிப்போட்டியள்” என்றாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. போத்தலைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தாள். பருத்தித்துறைப் பக்கம் போகும் சனம் நெருக்கியது. “என்னம்மா, ஊறுகாயோ? கவனம், ஊத்துப்படப் போகுது” என்றான் கொண்டக்டர். “ஓம் தம்பி” என்றாள் மச்சாள்.

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அன்றைக்கு மச்சாள் போனாள், நானும் போனேன். கடற்கரையில் சின்னதாக விறகு அடுக்கி, குகன் தன் தகப்பனுக்கு இரண்டாம் தடவை கொள்ளி வைத்தான். தூரத்தில், வீதியில், டொக்டரின் கார் நிற்பதைக் கண்டோம். அவர் இறங்கி வெயிலில் நின்றார். வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

நான் அவரிடம் போவதை நிறுத்தினேன். வழியில் கண்டால் அவர் தொப்பியைக் கழற்றுவார். நான் வீதியில் போகும் சைக்கிள்களைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக் கடந்துவிடுவேன்.

பிறகு ஒருமுறை போகவேண்டி வந்தது. என் வகுப்புப் பிள்ளை ஒன்றை லொறி தட்டிவிட்டது. காயம் ஆறி வந்த பிள்ளை, கணக்குப் பாடம் முடிந்து சமயபாடம் தொடங்கினாலும் கணக்கையே செய்துகொண்டிருந்தது. சொல்வழி கேளாத பிள்ளை என்று அடி விழுந்தது. பாடசாலையை விட்டு நிறுத்தப் பேசினார்கள். தாய் என் கையைப் பிடித்து அழுதாள். இந்தப் பிள்ளையை விளங்கிக்கொள்ளக்கூடியவர் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவரிடம்தான் கூட்டிப்போனேன்.

நான் கீறிய அதே மட்டைகளை எடுத்துப் பிள்ளைக்கு முன்னால் பரப்பினார். அவருக்கு வயதுபோயிருந்தது. ஆனால் பொறுமை பழையபடி இருந்தது. அடுத்த கிழமை பாடசாலைக்கே வந்து அதிபரோடு கதைத்தார். “அடியாதையுங்கோ. ஒரு பாடம் முடிஞ்சால் கொப்பியை மூடி, பிள்ளையை எழுப்பி, வேறை வாங்கிலை இருத்துங்கோ. இடம் மாறினால் மூளையும் மாறும்.” பிள்ளை நின்று படித்துச் சோதினையும் எடுத்தாள். இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது.

அதிபரோடு கதைத்த அன்று பாடசாலை வாசலில் அவர் என்னிடம் சொன்னார்: “ரீச்சர், உங்கடை அண்ணையிலை கண்டதாலைதான் இண்டைக்கு இந்தப் பிள்ளையைப் பற்றி இவ்வளவு துணிஞ்சு சொன்னனான்.”

“அண்ணையைச் சாட்டாதையுங்கோ டொக்டர். அவர் தரேல்லை. நீங்கள் எடுத்தனீங்கள்.”

“ஓம்” என்றார். அவர் என்னோடு பேசிய கடைசிச் சொல் அதுதான்.

அடக்கத்துக்கு நான் போனேன். மச்சாள் வரவில்லை, என் வீட்டிலேயே இருந்தாள். தேவாலயத்தில் ஒருவர் எழுந்து, சொன்ன சொல் தவறாதவர் என்று அவரைப் புகழ்ந்தார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் எழுந்து வெளியே போகவில்லை, தலையை ஆட்டவும் இல்லை.

திரும்பி வந்தபோது மச்சாள் கிணற்றடியில் எனக்குத் தண்ணீர் அள்ளி வைத்திருந்தாள். நான் முழுகும்வரை நின்றுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரை முழுசாத்தான் தாட்டவையோ?”

“ஓம் மச்சாள்.”

“அப்ப அவரின்ரை பெண்சாதிக்குக் குறையொண்டும் இல்லை” என்றாள்.

அவரை அறிந்தவர்களே, நான் அவரை மன்னிக்கவில்லை. மச்சாள் மன்னித்தாளா என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் வகுப்பில் பதில் வராமல் நிற்கும் பிள்ளைக்கு முன்னால், மற்றப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, நான் வாய் திறவாமல் நிற்கிறேன். பதில் வரும்வரை நிற்கிறேன். வந்த பதில் எனக்கு வேண்டாததாக இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்கிறேன். பொறுப்பதை அவரிடம் கற்றேன். ஏற்றுக்கொள்வதை அவர் செய்யாததிலிருந்து கற்றேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த இரண்டும்தான்.